முழங்கால் ஆழத்து உருளைக்கிழங்கு: தங்கவயல் போய்வந்த விவரம்

குடியாத்தம் ஸ்டேஷனுக்கு எதிரில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. சில வருஷங்களாக ரயிலிறங்கி வருகிறவர்கள் உட்காரும்போதே உருளைக்கிழங்குப் பொரியல் உண்டா என்று கேட்கிறார்கள். துரைமார் வீட்டுக் காய் என்று ஒதுக்கிய காலம் போய், அது இல்லாத இலையைப் பார்த்தால் இப்போது முகம் சுளிக்கிறார்கள். மூட்டைகள் மைசூர்ச் சீமையிலிருந்து பௌரிங்பேட்டை வழியாக வருகின்றன.

போன ஐப்பசியில் பந்தியில் ஒரு சண்டை. இந்தக் கிழங்கை எப்படிப் பயிர் செய்கிறார்கள்? கத்தரி மாதிரி காயிலிருந்து விதை எடுப்பார்கள் என்றார் ஒருவர். சர்க்கரைவள்ளி மாதிரி கொடியை நறுக்கி நடுவார்கள் என்றார் இன்னொருவர். மூலையில் இருந்த ஒரு குமாஸ்தா, சேனை மாதிரி கிழங்கையே வெட்டி நடுவார்கள் என்றார். நான் விடவில்லை. நறுக்கி வைத்த உருளைக்கிழங்கு சற்று நேரத்தில் கறுத்துப்போவதைத் தினம் பார்க்கிறவன் நான். அதை ஈர மண்ணில் போட்டால் அழுகாமல் வேறென்ன செய்யும்? குமாஸ்தா ரசம் கேட்டார். எனக்கோ அன்றிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு இது நல்ல வியாதியல்ல.

போவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. என் தங்கை அஞ்சலையும் அவள் புருஷன் முனிசாமியும் தங்கவயலில்தான் இருக்கிறார்கள். முனிசாமி சுரங்க வேலைக்குப் போனவன். போன ஆடியில் கீழே பாறை சரிந்து, அவன் ஒரு பக்கமும் வழி மறுபக்கமுமாக ஆகிவிட்டது. கூட்டாளிகள் கல் கல்லாக எடுத்து அவனை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அஞ்சலை அவனைக் கீழே இறங்க விடவில்லை. ஏரியோரம் கொஞ்சம் நிலத்தை, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு எடுத்து உருளை போட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கு வந்துபோகிற ஆட்கள் சொன்னார்கள். பயிர் முளைத்தால் விவசாயம். முளைக்காவிட்டால் திரும்பவும் சுரங்கம் என்று புருஷனுக்கும் பெண்சாதிக்கும் பேச்சு. சுரங்கத்து மேஸ்திரியும் அவன் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆகவே கார்த்திகை பிறந்து மழை சற்று விட்டதும், கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை வண்டியில் ஏறினால் ஜோலார்பேட்டை ஜங்ஷன் முப்பத்தேழு மைல் இருக்கும். அங்கே பெங்களூர் வண்டிக்கு மாற வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பிளாட்பாரத்தில் விற்கும் வடையைத் தின்னாதீர்கள்; தொழில் பொறாமையில் சொல்லவில்லை, எண்ணெய் சரியில்லை. ஜோலார்பேட்டையை விட்டதும் வண்டி மலையேறத் தொடங்குகிறது. குப்பம் தாண்டும்போது காற்று மாறுவது தெரியும். அங்கிருந்து மண்ணும் செக்கச்செவேலென்று மாறிவிடுகிறது. நாற்பத்தைந்து மைலுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போனால் பௌரிங்பேட்டை. பலகையில்தான் அந்தப் பெயர்; வண்டியில் என்னோடு வந்தவர்கள் பங்காருபேட்டை என்றே சொன்னார்கள். அங்கிருந்து தங்கவயலுக்குப் புதிதாகப் போட்ட கிளை ரயில் பத்து மைல். மூன்றாம் வகுப்பில் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒரு ரூபாய் ஆகும். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம்.

பாலகாட் சுரங்கத்துப் பக்கம் போகிறவர்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினால் நடை குறைவு. இறங்கியதும் முதலில் காதுதான் பயப்படுகிறது. கல்லை இடிக்கிற யந்திரங்கள் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கின்றன. சாம்பல் நிற மணல் மேடுகளும், சுரங்கவாய்களுக்கு மேலே உயரமான சக்கரங்களும், விறகு வண்டி வரிசையும், அதற்கு நடுவே நம் வடாற்காட்டுப் பேச்சும். பிளாட்பாரத்தில் முனிசாமி நின்றிருந்தான். இளைத்திருந்தான், ஆனால் வெயிலில் கறுத்திருந்தான். பூமிக்குள் வேலை செய்தபோது அவன் நிறம் வெளுத்துப்போயிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“வாங்க மச்சான். ஊர்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?” என்று என் மூட்டையை வாங்கிக்கொண்டான்.

“கீறாங்க மாப்ள. பயிரு எப்டி?”

“உள்ள வேலை செய்யுது மச்சான்” என்றான்.

வீட்டில் அஞ்சலை களியும் கீரைக் குழம்பும் வைத்துக் காத்திருந்தாள். தட்டிச் சுவர், தகரக் கூரை, பத்து வீடுகள் ஒரே வரிசையில். பயிரைப் பற்றி அவளிடம் கேட்டேன். “நாளைக்கு வந்து பாருண்ணா. பாத்துட்டு நீயே சொல்லு” என்று மட்டும் சொன்னாள். வாய் ஓயாதவள் அவள். ஒரு வரியில் நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் காலை மூவருமாகப் பாலகாட்டைத் தாண்டி இரண்டு மைல் நடந்து ஏரிக்கரைக்குப் போனோம். அங்கே நிலத்துச் சொந்தக்காரர் சொண்ணப்பா அன்று தன் இரண்டாவது வயலில் உருளை நட்டுக்கொண்டிருந்தார். ஊரில் கன்னடம், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ். அவருடைய முதல் வயல் பக்கத்திலேயே சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“சாப்ட்டாச்சா ஸ்வாமி?” என்றார்.

ஆகவில்லை என்றேன். உடனே ராகிக் களி உருண்டை ஒன்றும் சட்டினியும் வந்தன. அவர் வீட்டில் ஒரு வழக்கம்: பசித்த வயிற்றோடு யாரும் விதைக் கூடையைத் தொடக் கூடாது. நடுகிற பெண்களுக்கெல்லாம் முதலில் சாப்பாடு, பிறகுதான் கூடை. சாமிக் குற்றமா என்று கேட்டேன். “சாமி இல்லை, கீமி இல்லை. பசிக்கிற கை கூடையிலிருந்து மடிக்குப் போகும். ஊட்டா ஆன கை பூமிக்குப் போகும்” என்றார். இப்படிப்பட்ட சாஸ்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இனி என் சண்டைக்கு விடை. குமாஸ்தா சொன்னதுதான் சரி. அவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு இலவசமாகப் போட்டுவிட்டேன். போன அறுவடையில் நல்ல செடியின் கிழங்குகளை ஒதுக்கி, இருட்டு அறையில் வைக்கோல்மேல் பரப்பி வைக்கிறார்கள். மாதக்கணக்கில் தூங்கிய பிறகு அதன் கண்கள் மொட்டு மாதிரி புடைக்கின்றன. கண் என்பது கிழங்கின் மேலுள்ள சின்னப் பள்ளம். நாம் தோல் சீவும்போது திட்டிக்கொண்டே தோண்டி எறிகிறோமே, அதுதான். உயிர் அங்கேதான் இருக்கிறதாம். கோழிமுட்டை அளவுக் கிழங்கை முழுசாகவே நடுவார்கள். பெரியதை, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கண்ணாவது இருக்கும்படி, நடுவதற்கு முந்தின நாளே வெட்டிவிடுவார்கள். வெட்டிய முகத்தை வறட்டிச் சாம்பலில் ஒற்றி, நிழலில் விரித்துவிடுகிறார்கள். முந்தின நாள் வெட்டினதைத் தொட்டுப் பார்த்தேன். புண் ஆறின தோல் மாதிரி காய்ந்து மூடியிருந்தது. என் கடையில் கறுத்துப்போகிற கிழங்கு இங்கே அழுகாததன் ரகசியம் அடுப்பிலிருந்து அள்ளின சாம்பல்தான். தினம் இரண்டு கூடை சாம்பலை நான் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நிலத்தில் எருவுக்காக முதலிலேயே ஆட்டு மந்தையைப் பல இரவுகள் மடக்கி வைத்திருந்தார்கள். ஏரி வண்டலும் அடித்திருந்தார்கள். புழுதியாக உழுத மண்ணில் ஒரு ஏர் முன்னால் சால் பிடித்துப் போகிறது. அதன் பின்னால் இடுப்பில் கூடையோடு ஒரு பெண் ஓரடிக்கு ஒன்றாகத் துண்டுகளை வைக்கிறாள். கண் வானத்தைப் பார்க்க வேண்டும், வெட்டு முகம் பூமியைப் பார்க்க வேண்டும். அடுத்தவள் பக்கத்தில் ஒரு பிடி எருத் தூள் போடுகிறாள். ஏர் திரும்பி வரும்போது பக்கத்து மண் சரிந்து மூடிக்கொள்கிறது. ஆழம் நாலு விரல். செடி வளர வளரப் பக்கத்து மண்ணை இழுத்துத் தண்டில் அணைக்க வேண்டும். அணைக்கிற மண்ணில்தான் புதுக் கிழங்கு பிடிக்கும். நானும் கூடை வாங்கி ஒரு சால் வைத்தேன். முதல் பத்துத் துண்டில் நாலு தலைகீழ் என்று பெண்கள் சிரித்தார்கள்.

அதுவரைக்கும் சந்தோஷம். அதற்குப் பிறகு முனிசாமி தன் வயலுக்குக் கூட்டிப்போனான். சொண்ணப்பாவின் பச்சை வயலுக்கு நேர் பக்கத்தில், அதே நாளில் நட்ட நிலம். அதில் ஒரு இலை இல்லை. தரை வாசல் மெழுகினது போல மட்டமாக, இறுக்கமாக இருந்தது.

“இன்னா மாப்ள இது?” என்றேன்.

முனிசாமி முகத்தில் கவலையே இல்லை. “அவரு மேலாக்க வச்சாரு, மேலாக்க முளைச்சிச்சி. நம்புள்து ஆழம். வர்றதுக்கு நாளாவும்.”

“எவ்ளோ ஆழம்?”

அவன் குனிந்து முழங்காலைத் தொட்டுக் காட்டினான்.

“சொண்ணப்பா நாலு விரல்னு சொல்லலையா?”

“சொன்னாரு. மேல கீறது யாருக்கு வேணும் மச்சான்? எங்க சுரங்க ஷாப்ட்ல மேல் லெவல்ல வெறுங் கல்லுதான். கீழ போகப் போகத்தான் சரக்கு. அகல உழறத ஆழ உழுன்னு பெரியவங்களே சொல்லிக்கிறாங்க.”

“உழச் சொன்னாங்க மாப்ள. பொதைக்கச் சொல்லல.”

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சுரங்கத்தில் பாறையைத் துளைத்து மருந்து வைத்த பிறகு, துளையில் களிமண்ணைத் திணித்துக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். இறுக்காவிட்டால் வெடி பாறையை உடைக்காமல் வெளியே ஓடிவிடும். கிழங்கின் பலமும் அப்படி ஓடிவிடக் கூடாது என்று, குழி குழியாகத் தோண்டி, கிழங்கை வைத்து, மண்ணைப் போட்டுக் கட்டையால் இடித்திருக்கிறான். சுரங்கத்தில் பழகின புத்தி. தனக்குத் தெரிந்த தொழிலை முழு மனசோடு செய்திருக்கிறான் பாவம், செய்த இடம்தான் தப்பு. அஞ்சலை நட்ட சமயத்தில் காய்ச்சலில் படுத்திருந்தாளாம். எழுந்து வந்து பார்த்தபோது வேலை முடிந்துவிட்டது. வாய் ஓயாதவள் ஏன் வாயை மூடினாள் என்று அப்போது புரிந்தது. அவன் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு குழியைத் தோண்டிப் பார்ப்போம் என்றேன். முதல் குழியில் கிழங்கு கூழாகிவிட்டிருந்தது, நாற்றம் தாங்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது குழியில் முனிசாமி கடப்பாரையை எறிந்துவிட்டுக் கையால் பறித்தான். பாதி ஆழத்திலேயே விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சுண்டுவிரல் கனத்தில் ஒரு வெள்ளைத் தளிர். நேராக மேலே வர முடியாமல், இறுகின மண்ணில் முட்டி வளைந்து, பக்கவாட்டில் போய், மறுபடி மேலே திரும்பியிருந்தது. முனிசாமி குப்புறப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. நானும் அழுதேன்; சொல்வதற்கு என்ன வெட்கம்?

சத்தம் கேட்டு சொண்ணப்பா வந்தார். குழியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “அய்யோ ராமா, கிழங்குக்குச் சமாதி கட்டியிருக்கியே!” என்றார். பிடுங்கி மேலே நடலாமா என்று கேட்டேன். அவ்வளவு நீளத் தளிர் இழுத்தால் ஒடிந்துவிடும், விட்டுவிடுங்கள், வேறு விதைக்கும் இப்போது வழியில்லை என்றார். மனசு நல்லவர்தான், ஆனால் கை விட்டுவிட்டார். நானும் அதையே நினைத்தேன்.

அஞ்சலை மட்டும் குழிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “ஆடி மாசம் இவர எடுத்தாங்களே, அப்ப ஆள புடிச்சி இழுத்தாங்களா, கல்ல எடுத்தாங்களா?” என்று கேட்டாள்.

குழியின் விளிம்பைத் தொட்டுக் காட்டி அவளே சொன்னாள்:

“அப்ப இத்த ஏன் இழுக்கணும்? மேல கீற மண்ண எடுங்க. அது பாட்டுக்குக் கீழயே இருக்கட்டும்.”

சொண்ணப்பா யோசித்தார். செடி குழிக்குள்ளேயே வளரட்டும், வளர வளர மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வரலாம். எப்படியும் பிறகு மண் அணைக்கத்தானே வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஒன்று மட்டும் எச்சரித்தார். வெயிலையே காணாத தளிர், திடீரென்று திறந்தால் கருகிவிடும். மேலே கொஞ்சம் வைக்கோல் தூவ வேண்டும். அதைக் கேட்டு முனிசாமி எழுந்து உட்கார்ந்தான். “என்ன வெளிய கொண்டாந்தப்பவும் கண்ணத் துணியால கட்னாங்க” என்றான்.

கடப்பாரை போட்டால் தளிர் ஒடியும். வெறும் விரலுக்கு மண் இடம் கொடுக்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே உபகாரம் இங்கேதான். வீட்டு வரிசைக்கு ஓடி, வீடு வீடாகக் கொட்டாங்கச்சி கேட்டு வாங்கி வந்தேன். விளிம்பு கூர்மை, கைக்கு அடக்கம். மாலையில் ஷிப்ட் முடிந்து வந்த ஆட்களும் பெண்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். பாறையை வெடிவைத்துப் பிளக்கிறவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு கொட்டாங்கச்சியால் மண் சுரண்டினார்கள். உயிருள்ள குழி அகப்பட்டால் ஒரு கூச்சல், அழுகினது என்றால் ஒரு உச்சுக்கொட்டல். பொழுது சாயும்போது கணக்குப் பார்த்ததில் பாதிக்குப் பாதிதான் தேறும் போலிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மீதி வயலைத் தோண்டிக்கொண்டிருந்தபோது கன்னியப்ப மேஸ்திரி வந்தார். முனிசாமியின் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தவர் இவர்தான். தலையில் உருமால், கையில் குடை. கெட்ட மனுஷர் இல்லை; ஆடியில் கல் எடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

“இன்னா முனிசாமி, நாளைக்குக் காலைல ஷிப்டுக்கு உன் பேரச் சொல்லட்டுமா? இதுக்கு மேல இடத்தப் புடிச்சி வச்சிக்கினு கீறது என்னால ஆவாது. ஆளுங்க நின்னுக்கினு கீறாங்க.”

முனிசாமி எழுந்து கைமண்ணைத் தட்டினான். அழுகின குழிகளைப் பார்த்தான். “பாதி போச்சு மேஸ்திரி” என்றான். அந்தக் குரலிலேயே அவன் சுரங்கத்தில் இறக்குகிற கூண்டில் ஏறிவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அது நல்லதென்றுதான் நானும் நினைத்தேன். பாதிப் பயிரை நம்பி மாதக் கூலியை விடுவது கையிலிருக்கும் சோற்றைக் கொட்டிவிட்டு உலை வைப்பதுதானே. நானாயிருந்தால் அந்த இடத்தை விட்டிருக்க மாட்டேன்.

அஞ்சலை குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தலையை நிமிர்த்தாமல் மேஸ்திரியிடம் சொன்னாள்: “பாதிதான போச்சு. மீதிப் பாதி மண்ணுக்குள்ள கீது, அத்த யாரு எடுக்கறது? அவருக்கு இங்க வேலை கீதுண்ணா. அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுங்க.”

மேஸ்திரி அவளைப் பார்த்தார், முனிசாமியைப் பார்த்தார். முனிசாமி திரும்பவும் குழியருகே உட்கார்ந்து கொட்டாங்கச்சியை எடுத்தான். மேஸ்திரி கிட்டே வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். “இவ்ளோ கீழயா வச்ச? உனுக்குப் புத்தி கீதா?” என்று திட்டினார். குடையை மடக்கி வரப்பில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “எனக்கு ஒண்ணு குடுங்க” என்று என்னிடம் கையை நீட்டினார்.

நான் புறப்பட்ட காலையில் வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். முதல் நாள் திறந்த குழிகளில் வெள்ளைத் தளிரின் நுனி லேசாகப் பச்சை பிடித்திருந்தது. எல்லாவற்றிலும் இல்லை. மேடு பள்ளமாக, அங்கங்கே பல் போன வாய் மாதிரிதான் வயல் இருந்தது.

இதைப் படித்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை நடுவரை போங்கள். கிழங்கு தோண்டுவதைப் பார்க்க வேண்டுமானால் மாசி. கம்பளி அவசியம், அங்கே விடியற்காலைக் குளிர் எலும்புவரை இறங்கும். ஏரிப் பக்கம் கடை கிடையாது, ஆனால் சாப்பிடாமல் போனாலும் பயமில்லை. கூடையைத் தொட வேண்டும் என்று சொன்னால் போதும், களி வந்துவிடும். உங்கள் கொல்லையில் போட்டுப் பார்க்க ஆசையிருந்தால், வெட்டிய முகத்துக்குச் சாம்பலை மறக்காதீர்கள், நாலு விரலுக்கு மேல் ஆழம் வேண்டாம், மண்ணை இடிக்கவே வேண்டாம். நம் பக்கத்து வெயிலுக்கு வருமா என்று நானும் இரண்டு பாத்தி போட்டிருக்கிறேன்; இதுவரை இலை வந்திருக்கிறது.

அங்கே போனால் என் பெயரைச் சொல்லி முனிசாமியைப் பாருங்கள். ஆனால் ஷாப்ட் வாசலில் போய் விசாரிக்காதீர்கள். அந்தப் பெயரில் இப்போது ஆள் இல்லை என்பார்கள், நீங்கள் வேறு ஏதாவது நினைத்துப் பயந்துவிடுவீர்கள். பாலகாட்டைத் தாண்டி ஏரிக்கரைக்கு நடங்கள். அவன் அங்கே வெயிலில் நிற்பான்.